திரும்பிப் பார்க்காத தருமன்

மகாபாரதத்தின் பதினேழாம் பருவம் மிகச் சிறியது, மூன்றே அத்தியாயம். நாட்டைப் பரீட்சித்திடம் விட்டுவிட்டு, மரவுரி உடுத்திக்கொண்டு ஐவரும் திரௌபதியும் கிளம்புகிறார்கள். பின்னால் ஒரு நாய். இமயத்தைத் தாண்டி, மணல்வெளியைத் தாண்டி, மேரு கண்ணில் படுகிற இடத்தில் முதலில் விழுகிறவள் திரௌபதிதான். ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். அருச்சுனன் மேல் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் பட்சம், அதுதான் காரணம் என்கிறான் தருமன். சொல்லிவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான்.

எங்கள் பக்கத்து ஊர்களில் இந்தக் கதை யாருக்கும் தெரியாது. வில்லிபுத்தூரார் போரோடு பாரதத்தை நிறுத்திக்கொண்டார். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, கூத்துக் கட்டி, துரியோதனன் படுகளம் முடித்து, தீ மிதித்து, தருமர் பட்டாபிஷேகத்தோடு கொடி இறக்கிவிடுவார்கள். அதற்கு அப்புறம் அவளுக்கு என்ன ஆனது என்று பூசாரியும் சொல்வதில்லை, கேட்கிறவர்களும் இல்லை. நெருப்பில் பிறந்தவள் எங்கள் ஊர்களில் நின்றுகொண்டேதான் இருக்கிறாள். அவள் மலையில் விழுந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் என்னைப் போன்ற வாத்திச்சிகள்தான். படித்த காலத்தில் எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. அறுபது வயதில், அரியலூரில், முதுகில் அரிசிப் பையை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்த பிறகுதான் உறுத்துகிறது. பாதி மலையில் துணை விழுந்தால் மற்றவர் என்ன செய்ய வேண்டும்? தருமன் செய்தது தர்மமா?

நாங்கள் கயிலாய யாத்திரைக்குத் தயாராகிறோம். 2020-லிருந்து நின்று போயிருந்த யாத்திரை 2025-ல் மறுபடி தொடங்கியது. அந்த வருடம் லிபுலேக் வழியில் ஐம்பது ஐம்பது பேராக 5 குழு, நாதுலா வழியில் 10 குழு. வயது 18-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் கணினிக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தாலும் டெல்லியில் இருதயம், நுரையீரல், இரத்தம் என்று எல்லாவற்றையும் சோதிப்பார்கள். உயரத்துக்கும் எடைக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 25-க்கு மேல் போகக்கூடாது. ஐந்தரை அடி ஆள் என்றால் 70 கிலோவுக்குள். என் வீட்டுக்காரர் ஐந்தரை அடி. எடையை எழுதினால் கோபித்துக்கொள்வார்.

அவர் சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் நடக்கிற இடத்தையெல்லாம் அவர்தான் தேர்ந்தெடுப்பார். அரியலூர்ச் சாலையில் நடக்க முடியாது. கல் ஏற்றிய லாரிகள் போன பிறகு கொஞ்ச நேரத்துக்கு மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அது வேறு வகைப் பிராணாயாமம். ஏரிக்கரையில் தொடங்கினோம். பிறகு பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்தில், கையில் கரும்போடு நிற்கிற தண்டாயுதபாணியின் குன்றுக்குப் போய்ப் படி ஏறி இறங்கினோம். ஏறுவது மூச்சுக்கு வேலை, இறங்குவது தொடைக்கும் முட்டிக்கும் வேலை. இறங்குகிற பயிற்சி இல்லாதவர்கள்தான் மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவார்கள். வெயில் ஏறுவதற்குள் லாடபுரம் போய்ப் பச்சைமலை அடிவாரத்தில் மயிலூற்று வரைக்கும் நடப்பதும் உண்டு.

சேலையோடு நடக்கிறவள் காலில் பூட்ஸைப் பார்த்து முதலில் ஊர் சிரித்தது. பழகாத பூட்ஸோடு மலைக்குப் போனால் முதல் நாளே கொப்புளம் வரும் என்பதால் சந்தைக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன். "வயசான காலத்துல ரெண்டு பேரும் மூட்டைய கட்டிக்கிட்டு எங்க டீச்சர் ஓடுறீங்க?" என்று கேட்ட பூக்காரம்மாவிடம் கயிலாயம் என்றேன். "அது செத்தப்புறம் போற ஊரு இல்ல?" என்றாள். அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை. கயிலாயம் என்பது எங்களுக்கெல்லாம் சாவு வீட்டுச் சுவரொட்டியில் வருகிற முகவரிதான். சிவலோகப் பதவி அடைந்தார் என்று அச்சடித்துவிட்டால் ஆள் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். அங்கே உயிரோடு போய்விட்டு, டிக்கெட் போட்டுத் திரும்பி வரப் பார்க்கிறோம்.

மலைப் பயணத்தில் என் பங்கு இத்தனை காலமும் வேறு. அவர் ஆலைக்காரர்களோடு சேர்ந்து வருடா வருடம் சபரிமலைக்குப் போனவர். 41 நாள் விரதம். குளிர்ந்த தண்ணீரில் குளியல், வெறுங்காலில் நடை, தரையில் படுக்கை. ஒரு பயிற்சியாளரைக் கேட்டாலும் மலையேறுகிறவனுக்கு அதில் பாதியைச் சொல்லுவார். நம் முன்னோர்கள் அதைச் சாமி பேரால் செய்ய வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த 41 நாளும் அவருக்கு முன்னால் எழுந்து குளித்தது நான். தனிப் பாத்திரத்தில் சமைத்தது நான். முன்முடியில் சாமிக்குப் போகிற நெய்யும், பின்முடியில் அவருக்கு வேண்டிய அரிசி பருப்பும் எடுத்து வைத்ததும் நான்தான். கட்டி முடித்த இருமுடி அவர் தலையில் ஏறும். வாசலில் தேங்காய் உடையும். நான் வீட்டுக்குள் திரும்புவேன். விரதத்தில் பாதி என்னுடையது, மலை முழுக்க அவருடையது. 2018 செப்டம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தீர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை. முட்டிதான் தேவைப்பட்டது.

ஆகவே இருவரும் சேர்ந்து ஒரு மலைக்குத் தயாராவது எங்கள் வீட்டில் புது வழக்கம். தர்ம சாத்திரங்கள் வானப்பிரஸ்தத்துக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டும் போகலாம், பிள்ளைகளிடம் விட்டுவிட்டும் போகலாம் என்று கணவனுக்குத் தெரிவு கொடுத்தன. அவளுக்குத் தெரிவு இருந்ததாகத் தெரியவில்லை. தொல்காப்பியக் கற்பியல் இந்த விஷயத்தில் கொஞ்சம் நாகரிகமானது. ஆசைகள் நிறைந்து அடங்கிய பிறகு, சுற்றத்தோடு சேர்ந்து தலைவனும் தலைவியும் இருவருமாக உயர்ந்ததைப் பயில்வதுதான் அத்தனை நாள் வாழ்ந்ததற்குப் பயன் என்கிறது. யார் யாரைக் கூட்டிப் போகிறார் என்ற பேச்சே அங்கு இல்லை.

சேர்ந்து பயில்வது என்றால் முதல் சண்டை வேகத்தைப் பற்றித்தான். அவர் விறுவிறுவென்று போய் முன்னால் நின்றுகொண்டு இடுப்பில் கை வைத்துக் காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்ததும் உடனே கிளம்புவார். அவருக்கு ஓய்வு கிடைத்திருக்கும், எனக்குக் கிடைத்திருக்காது. மலைப் பயிற்சி சொல்லித் தருகிறவர்கள் எல்லோரும் ஒன்று சொல்கிறார்கள்: பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் நீண்ட தூரத்துக்குச் சரியான வேகம். பேச்சு அறுந்து மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப உன்கூடப் பேசிக்கிட்டே வரணுமா?" என்றார். ஆமாங்க, அதுதான் பயிற்சி என்றேன். ஷிப்ட் வேலையில் பல வருடங்கள் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருந்த குடும்பம் இது. பேசுவதற்கு நிறையவே பாக்கி இருந்தது.

பேச்சில் திரௌபதியும் வந்தாள். காரையின் செம்மண் ஓடைகளில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தபோது அவரிடம் கதையைச் சொன்னேன். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையைப் பார்க்காதவர்களுக்கு: மழை அறுத்து அறுத்து மடிப்பு மடிப்பாக விட்டுப்போன வெற்றுக் களிமண் நிலம். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அது கடலடி. அம்மோனைட் என்கிற சுருள் ஓட்டு உயிரிகளின் படிவங்கள் அந்த மண்ணில் கிடைக்கும். அவற்றின் உறவுக்காரப் படிவங்களைத்தான் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் எடுத்துச் சாளக்கிராமம் என்று வைணவர்கள் பூசையறையில் வைக்கிறார்கள். இமயமும் ஒரு காலத்துக் கடல்தரைதான். "நானும் கடலத் தோண்டித்தாம்மா சம்பளம் வாங்கினேன்" என்பார் இவர். அங்கே போய்ப் பார்க்கப் போவதும் கொஞ்சம் உயரமாகத் தூக்கி வைத்த எங்கள் ஊர்தான் என்பது அவர் கட்சி.

கதையைக் கேட்டுவிட்டு அவர் தருமனுக்காகப் பரிந்து பேசினார். "அவங்க போனது திரும்பி வராத பயணம். எல்லாரும் விழத்தான் போறாங்க, யாரு முன்ன யாரு பின்னங்கறதுதான். அதுல திரும்பிப் பாத்து என்ன பண்றது? நாம அப்படியா? திரும்பி வந்து ஐப்பசில வெங்காயம் நடணும்."

முப்பது வருடம் இலக்கியம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை. உண்மைதான். அந்தப் பருவத்தின் பெயரே மகாப் பிரஸ்தானம், கடைசிப் புறப்பாடு. வீடு திரும்பாதவனுக்கு ஒரு தர்மம், வீடு திரும்பப் போகிறவனுக்கு வேறு தர்மம். துறவியின் அளவுகோலை எடுத்து வந்து குடும்பஸ்தர்கள் மலையேறினால் யாராவது ஒருவர் வழியில் கிடப்பார். ஆனாலும் நான் விடவில்லை. அதே தருமன் அடுத்த அத்தியாயத்தில் நாயை விட்டுவிட்டு இந்திரன் தேரில் ஏற மாட்டேன் என்று நிற்கிறான். பதினெட்டாம் பருவத்தில் சொர்க்கத்துக்குப் போய், தம்பிகளையும் திரௌபதியையும் அங்கே காணாமல், அவர்கள் குரல் கேட்கிற நரகத்திலேயே இருந்துவிடுகிறேன் என்கிறான். மலையில் திரும்பிப் பார்க்காதவன் மேலே போய்த் திரும்பிப் பார்க்கிறான். அவனுக்கும் உறுத்தியிருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

பயிற்சியின் எல்லை ஒன்று இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் பயமும், ஒரு வகையில் பக்தியும் வந்தது. கயிலைப் பரிக்கிரமத்தில் டோல்மா கணவாய் 18,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். பச்சைமலையின் உச்சிக்கே போனாலும் மூவாயிரம் அடிச் சொச்சம். சமவெளியில் எத்தனை படி ஏறினாலும் காலும் இருதயமும் பலப்படுமே தவிர, உயரம் பழகாது. அதை உடம்பு அங்கே போய்த்தான், மெதுவாக ஏறி, இரவு தங்கித் தங்கித்தான் கற்றுக்கொள்ளும். 10,000 அடிக்கு மேல் போய்விட்டால் படுக்கிற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். அப்படியும் யாருக்கு மலைநோய் வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. நன்றாகப் பயிற்சி எடுத்த வாலிபன் படுத்துவிடுவான். தொப்பைக்காரர் ஒருவர் நடந்துவிடுவார். நல்ல உடற்கட்டு அந்த நோய்க்குக் காப்பு இல்லை. இத்தனை நாள் நடந்து நாங்கள் சம்பாதித்தது அனுமதிச் சீட்டு இல்லை. வாசல் வரைக்கும் போகிற தெம்பு.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. நோய் முற்றி மூளையில் நீர் கோத்துக்கொண்டால் முதலில் போவது நிதானம். நேர்க்கோட்டில் நடக்க வராது. ஆனால் அந்த ஆள் தனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லுவார். அவர் புத்தியை அவரே நம்பக்கூடாத நேரம் அது. கூட வருகிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்டு உடனே இறங்க வேண்டும். இறங்குவதுதான் முதல் மருந்து. சரணாகதி பற்றி எவ்வளவோ உரை படித்திருக்கிறேன். தன் அறிவை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது இந்த மருத்துவக் குறிப்பில்தான். நான் நன்றாக இருக்கிறேன் என்று நான் அடித்துச் சொல்கிறபோதும், இல்லை, இறங்கு என்று அவர் சொன்னால் இறங்க வேண்டும். வீட்டில் ரசத்துக்கு உப்புப் போதுமா என்பதில்கூட அவர் சொல்லைக் கேட்காதவள் நான்.

காரையில் சரிவு வழுக்கும். அங்கே நாங்கள் ஒரு மூங்கில் கழியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பழகினோம். முதல் தடவை அப்படி இறங்கியபோது எனக்குத் திருநீலகண்டர் ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. தில்லைக் குயவனார். மனைவிக்குச் செய்த துரோகத்துக்கு அவள் இட்ட ஆணை, எம்மைத் தொடாதே என்பது. ஒரே வீட்டில், இளமை போய் மூப்பு வரும்வரை, ஊருக்குத் தெரியாமல் தொடாமல் வாழ்ந்தார்கள். சிவயோகியாக வந்தவர் கொடுத்து வைத்த ஓட்டைக் காணாமல் போகச் செய்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்று வம்புக்கு இழுக்க, இருவரும் ஒரு மூங்கில் கழியின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு மூழ்கினார்கள். எழுந்தபோது இளமை திரும்பியிருந்தது. சேக்கிழார் சொல்கிற கதை.

எல்லோரும் இளமை திரும்பியதைத்தான் சொல்லுவார்கள். எனக்குக் கழிதான் பெரிதாகத் தெரிகிறது. சரிவில் கையைக் கோத்துக்கொண்டால் ஒருவர் வழுக்கினால் இருவரும் உருளுவோம். கழியில் அப்படி இல்லை. நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. மற்றவருடைய தடுமாற்றம் கழி வழியாக உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. விடவேண்டுமானால் விடலாம், விடாமலும் இருக்கலாம். நாயன்மார்களில் மனைவியோடு சேர்ந்து தொண்டு செய்தவர்கள் பலர். மனைவிக்குச் சரிபாதி முனை கொடுக்கப்பட்டது இந்தக் கதையில்தான் என்பது என் எண்ணம். அதுவும் அவர் கொடுத்தது இல்லை. அவள் ஆணையால் வந்தது.

மலைக்குப் போகிற நாயன்மார்களோ பெரும்பாலும் தனி ஆட்கள். காரைக்கால் அம்மையார் கணவன் அஞ்சி விலகிய பிறகு, உடம்பின் சதையை உதறிவிட்டுத் தலையால் நடந்து போனார். சுந்தரர் யானையில் போனார். தோழர் சேரமான் குதிரையில் போனார். சுந்தரரின் மனைவியர் பரவையும் சங்கிலியும் அந்த யானையில் இல்லை. இத்தனைக்கும் கயிலாயத்து வாயிற்காவலர் நந்தி கல்யாணம் ஆனவர். அதுவும் எங்கள் மாவட்டத்தில். கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடியில் பங்குனி மாதம் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம் நடக்கும். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆற்றைக் கடந்து வருவார்கள். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று கல்யாணமாகாத பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். பிள்ளைக்காக நாங்களும் போனோம். வாசலில் நிற்கிறவர் குடும்பஸ்தர் என்றால் எங்கள் விண்ணப்பத்தைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்ப்பார் என்று இவர் சொல்லிக்கொள்கிறார்.

அப்பர் என்கிற திருநாவுக்கரசர் கதை மட்டும் வேறு மாதிரி. காசிக்கு அப்பால் தனியாகக் கயிலைக்கு நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் முடியாமல் புரண்டார். முனிவராக வந்த இறைவன், மனிதர்க்கு ஆகாத இடம், திரும்பிப் போ என்றார். பார்க்காமல் இந்த உடம்போடு திரும்ப மாட்டேன் என்றார் அப்பர். அங்கிருந்த குளத்தில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழவைத்தார். எழுந்தவருக்குக் கண்ணில் பட்டதெல்லாம் இணை. களிறும் பிடியும், சேவலும் பேடையும், எல்லாம் ஜோடி ஜோடியாக வர, அதையே அம்மையும் அப்பனுமாகக் கண்டு பாடினார். ஆடி அமாவாசையில் இன்றும் திருவையாற்றில் அப்பர் கயிலைக்காட்சி நடக்கிறது. திருமானூர் தாண்டிக் கொள்ளிடம் பாலம் ஏறினால் எங்களுக்குப் பக்கம். ஒற்றை ஆளாகப் போனவருக்கு மலையில் கிடைக்காத காட்சி, சமவெளியில், ஜோடிகளின் உருவில் கிடைத்தது. இதைவிட எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்?

அதை வைத்துத்தான் வீட்டுக்காரரிடம் வாதாடினேன். டெல்லிச் சோதனையில் உங்களைத் தள்ளினாலும் என்னைத் தள்ளினாலும், லிபுலேக் வழியில் குஞ்சியில் மறுபடி பார்த்துத் தள்ளினாலும், இருவரும் திரும்பிவிடுவோம். பஸ் பிடித்துத் திருவையாறு போவோம். அதுவும் கயிலாயம்தான்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ தேறிட்டா நீ போ. நான் வீட்ல இருக்கேன். இத்தன வருசம் நீ இருந்தல்ல?" என்றார். அது நியாயமா, பிராயச்சித்தமா என்று எனக்குப் புரியவில்லை. இன்னொன்றும் சொன்னார்: "அப்பரு உடம்பு தேயற வரைக்கும் போனாரு. அதுக்கப்புறந்தான் கொளம் வந்துது. டெல்லில டாக்டர் வேணாம்னதும் திரும்பி வந்து திருவையாத்துல முங்கினா, அது வெறும் குளியல்."

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அப்பர் தனியாகப் போனார், அதனால் தேய்ந்தார். பக்கத்தில் ஒருத்தி நடந்திருந்தால் கை தேயத் தொடங்கியபோதே, போதும், எழுந்திருங்க என்று சொல்லியிருப்பாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டு எழுந்திருப்பார். உடம்பு பிழைத்திருக்கும். அப்போது அந்தக் குளம் வந்திருக்குமா? வந்திருக்கும், இணையாக நின்றவர்களுக்கு இணையைக் காட்டக் குளமே தேவையில்லை என்கிறேன் நான். வந்திருக்காது, பாதியில் எழுந்தவனுக்கு இறைவன் முனிவர் வேடம் போட்டு இறங்கி வரமாட்டார் என்கிறார் அவர். விண்ணப்பத்தில் இருவர் பெயரையும் எழுதப் போகிறோம். செட்டிகுளத்துப் படிகளில் இந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.